எழுத்துக்கூட்டல் புத்தகங்கள் பற்றி ஒருவருக்கு ஆற்றிய உரை

2012 குளிர்காலத்தில், மெல்போர்னின் புறநகரான பொயிண்ட் குக்கில் ஒரு சமூகக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, 'ஆரம்பகால ஆங்கில எழுத்துக்கூட்டல் புத்தகங்கள்' என்று ஓர் உரை நிகழ்த்தினேன். இதற்கெல்லாம் கூட்டம் வராது என்று யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கேட்கத்தான் யாரும் இல்லை. மனைவிக்கு வெஸ்ட்மீட்டில் ஆஸ்பத்திரி வேலை. மகளும் அவளோடு சிட்னியில். மெல்போர்னில் நானும், பழைய சாமான் சந்தைகளில் பொறுக்கிய பாடநூல்களும். அவற்றைப் பற்றிப் பேசினால் ஒரே ஓர் ஆளாவது கடைசிவரை கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. வடைக்குச் சொல்லியிருந்தது மட்டும் நாற்பது பேருக்கு.

ஒரு மணி நேரம் காலி நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தேன். என் வயதுக்காரர் ஒருவர், வேலைத்தளத்து மஞ்சள் மேலங்கியோடு எட்டிப்பார்த்தார்.

"இங்கதானே அண்ணை இங்கிலீஷ் படிப்பிக்கிறது?"

"வகுப்பு இல்லைங்க. உரை."

"உரையோ." முகம் வாடியது. "கடையில நோட்டீஸ் பாத்திட்டு வந்தனான்."

"போயிடாதீங்க. வடை இருக்கு."

உட்கார்ந்தார். வடைக்காகவா, ஹீட்டருக்காகவா என்று ஆராயும் நிலையில் நான் இல்லை. உடனே ஆரம்பித்தேன். கைப்பிடி வைத்த சின்னப் பலகை, அதில் ஒரே ஒரு தாள், தாள் கிழியாமலிருக்க மேலே மெல்லிய மாட்டுக்கொம்புத் தகடு: ஆங்கிலப் பிள்ளைகளின் முதல் பாடநூல் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. படித்த நேரம் போகப் பிள்ளைகள் அதால் பந்தடித்தார்கள். ஒருவர் தலையில் ஒருவர் போட்டுக்கொண்டதும் உண்டு. பிறகு வந்த எழுத்துக்கூட்டல் புத்தகங்களில் 'ab, eb, ib' என்று அசைகளின் அட்டவணை. அதை வகுப்பே சேர்ந்து சத்தம்போட்டுச் சொல்ல வேண்டும். நான் சொல்லிக்காட்டினேன். நாற்காலிகள் பேசாமலிருந்தன. அவர் மட்டும், பாவம், வாயில் வடையோடு திருப்பிச் சொன்னார்.

அவை இந்த நாட்டுக்கு வந்ததைத் தொட்டேன். அயர்லாந்துப் பிள்ளைகளுக்கென்று தயாரித்த பாடநூல்கள் கப்பலேறி இங்கே வந்து பள்ளிக்கூடங்களில் நுழைந்த கதை.

"புத்தகமும் கப்பலிலயோ வந்தது?" என்றார். "விசா கேக்கேல்லையோ?"

"கேக்கலை. நேரா வகுப்புக்குள்ள விட்டுட்டாங்க."

"குடுத்து வச்ச புத்தகம். நான் போட்டில வந்து மூண்டு வருஷம், இன்னும் வாசல்லதான் நிக்கிறன்."

வெளியே ஹார்ன் கேட்டது. அவர் எழுந்தார். "குறை நினைக்காதேங்கோ அண்ணை. அஞ்சு மணிக்கு ட்ருகனினாவில வேலை. கூட்டாளி வந்திட்டான்."

உரையில் இன்னும் அரை நூற்றாண்டு பாக்கி. "அவரைப் போகச் சொல்லுங்க, நான் கொண்டுபோய் விடுறேன்" என்றேன். என்னைத் தர்மவான் என்று நினைத்திருப்பார். மிச்ச வடையைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

காரில் பாடநூல் படங்களுக்கு வந்தேன். சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளை குளத்தில் விழும். கேட்ட பிள்ளை நோய் வந்து, நல்ல வார்த்தை நாலு சொல்லிவிட்டுச் சாகும்.

"அண்ணை, இது எண்பதில போற றோட்டு."

நான் ஐம்பதில் போய்க்கொண்டிருந்தேன். வேகம் கூட்டினால் உரை முடியாது. முடிவுரையும் அவர் வேலை செய்யும் கிட்டங்கியின் கேட்டும் ஒன்றாக வந்து சேர்ந்தன. அவர் இறங்கவில்லை.

"நல்ல பேச்சு. ஒண்டு கேக்கலாமோ?"

கேள்வி. எஞ்சினை அணைத்தேன். எந்த நூற்றாண்டென்றாலும் தயாராக இருந்தேன்.

"இதுகளைச் சத்தமாத்தான் வாசிக்க வேணும் எண்டனீங்கள். வீட்டில ஆருக்கு வாசிச்சுக் காட்டுறனீங்கள்?"

"யாருக்கும் இல்லை. மக சிட்னியில இருக்கா."

"போனில வாசிக்கலாமே."

"அவ எடுக்கணுமே."

"ஓம்" என்றார். கதவைத் திறந்து, குளிர் உள்ளே வர, ஒரு கால் வெளியிலும் ஒரு கால் உள்ளேயுமாக என் பக்கம் திரும்பினார். தன் பிள்ளைகள் ஊரில் என்று சொன்னார். எத்தனை பேர் என்று நான் கேட்பதற்குள் ஐந்து மணிச் சைரன் ஊதியது. மேலங்கியை இழுத்து மூடிக்கொண்டு கேட்டுக்குள் நடந்தார்.