கணவாயில் பின்னால் வந்தவர்

இத்தாலியின் பலேர்மோ நகரில், போர்கோ வெக்கியோப் பகுதியில் இருந்த தமிழ்ப் பெண்களில் இமயமலையில் நடந்தவள் செல்வமலர் ஒருத்திதான். அவள் வேலைசெய்த கால்சாப் பகுதி வீட்டின் எசமானி சிஞ்ஞோரா ஒர்னெல்லா, இலையுதிர்காலம் வந்தால் சிசிலிக்காரரைக் கூட்டிக்கொண்டு நேபாளத்தின் டொல்போப் பக்கம் போவாள். வீதியோ மின்சாரமோ எட்டாத மலைகள். தொண்ணூற்றாறில் சிஞ்ஞோராவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. கைகொடுத்து நடக்க ஓராள் வேண்டும் என்று கேட்டாள். செல்வமலர் ஓம் என்றாள். அவளைத் தேட வீட்டில் ஆருமில்லை. புருஷன் ஞானசேகரம் யாழ்ப்பாணத்தில் ஒரு காலை சைக்கிளில் போனவர், திரும்பவில்லை. செத்தார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை.

கணவாயில் ஏறிய அன்று பனிப்புகார் மூடிவிட்டது. மற்றவர்களும், கடைசியாக வரும் உள்ளூர் வழிகாட்டி பசாங்கும் பின்தங்கிவிட்டார்கள். தனக்குத் தெரிந்த பாதைதான் என்று சிஞ்ஞோரா செல்வமலரின் கையைப் பிடித்தபடி நடந்தாள்.

"மலர், நில்லும்."

காதுக்குப் பக்கத்தில், தமிழில். அவளை 'நீர்' என்று கதைத்தவர் உலகத்தில் ஒருவர்தான். செல்வமலர் நின்றாள், சிஞ்ஞோராவையும் இழுத்து நிறுத்தினாள். தனக்கு ஒரு குரலும் கேட்கவில்லை என்று சிஞ்ஞோரா சினந்தாள். காலில் தட்டுப்பட்ட கல்லொன்று உருண்டு முன்னால் போனது. அது விழுந்த சத்தம் வரவேயில்லை. புகார் கொஞ்சம் விலகியபோது, அவர்களின் சப்பாத்து நுனியோடு நிலம் முடிந்திருந்தது. பின்னால் திரும்பினாள். வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

பின்னேரம் கூடாரத்தில் பசாங் அவள் முன்னால் இரண்டு கோப்பை தேத்தண்ணி வைத்தான். மற்றது ஆருக்கு என்று கேட்டாள். பயணிகளிடம் பழகிய இத்தாலியனில் அவன் சாதாரணமாகச் சொன்னான்:

"உங்களுக்குப் பின்னால் நடந்து வந்தாரே, அவருக்கு. மெல்லிய சட்டை போட்டிருந்தார். குளிர்ந்திருக்கும்."

முகம் பார்த்தாயா என்றதற்கு, முதுகைத்தான் பார்த்தேன் என்றான். தேத்தண்ணி ஆறி ஆடை படரும்வரை அவள் அந்தக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலேர்மோவுக்கு வந்தபின் இதை அவள் ஒருவரிடமும் கதைக்கவில்லை. செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டியைப் புருஷனுக்குச் செய்யும்படி சொந்தக்காரர் வற்புறுத்தினார்கள், மறுத்துவிட்டாள். அடுத்த வருசம் சிஞ்ஞோராவின் முழங்கால் சுகமாகியும் தானே கேட்டுப் போனாள். அதற்கடுத்த வருசமும் போனாள். எல்லாருக்கும் பின்னால், பசாங்குக்கும் பின்னால் நடந்தாள். குரல் கேட்கவில்லை.

தொண்ணூற்றொன்பதில், இறக்கத்தில், அவிழ்ந்த சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்தாள். மேலே, அவளுக்குப் பின்னால், சரளைக்கல் சரசரத்து நின்றது. நடந்து வந்த ஒருவர் தானும் நின்றதுபோல.

திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. கயிற்றை இறுக்கிக் கட்டி எழும்பினாள்.

"இஞ்சாருங்கோ, இருட்டப்போகுது. கெதியா வாங்கோ," என்று, வீட்டில் அவரைக் கூப்பிடும் மாதிரியே மெல்லச் சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினாள்.