சோதனைக்காகப் பட்டினி

கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்னறையில் சனிக்கிழமை காலைகளில் எங்கள் வகுப்பு நடக்கும். டாக்டர் யாரும் வருவதில்லை. இனிப்புநீர் என்னும் நீரிழிவு உள்ள நாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொள்வோம். ஒரு பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்றிருந்ததால் வகுப்பை நடத்துவது என் பொறுப்பு.

வகுப்பால் பயன் உண்டா என்று மதிப்பிட, அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். எல்லோரிடமும் இரத்தம் எடுக்கப்போகிறார். முடிவு மோசமாக இருந்தால் வகுப்பையே நிறுத்திவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். எப்போதும் கலகலவென்றிருக்கும் அறையில் அன்று மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் சுவரில் சாய்ந்திருந்தார். சட்டையெல்லாம் வேர்வை. பெயர் கேட்டதற்கு நாக்குக் குழறியது.

“அண்ணே, காலையில சாப்பிட்டீங்களா?”

“இல்லலா... நேத்தே சாப்பிடல. மருந்து மட்டும் கூடப் போட்டேன். ரீடிங் நல்லா வரணும்ல.”

விரலைக் குத்திப் பார்த்தேன். சீனி அபாயமான அளவுக்கு இறங்கியிருந்தது. ஆன்டி ஒருவர் எதிர்க்கடைக்கு ஓடி இனிப்பான சிராப் தண்ணீர் வாங்கிவந்தார். நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டேன்.

“மெல்லண்ணே, முழுங்குங்க.”

புரையேறிவிடாதபடி சிறிது சிறிதாகக் கொடுத்தேன். கொஞ்சம் தெளிந்ததும் ஆய்வாளரின் காரிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கூடுதலாகப் போட்ட மருந்து சீனியை மறுபடி இறக்கிவிடும் என்று மாலைவரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

வாசலில் காத்திருக்கையில் ஆய்வாளர் சொன்னார்: “இந்தச் சோதனை மூணு மாசத்துச் சராசரியக் காட்டும். ஒரு நாள் பட்டினியில ஒண்ணும் மாறாது. இதை நாங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

பலருக்குச் சீனி குறைந்திருந்தது என்று பிறகு அறிக்கை வந்தது. ஆனால் சீனியை இறக்கத் தெரிந்தவர்களுக்கு, அது அளவுக்கு மீறி இறங்கினால் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றும் ஆய்வாளர் எழுதியிருந்தார். வகுப்பு நிற்கவில்லை.

அடுத்த பாடத்தை அந்த அண்ணனையே நடத்தச் சொன்னேன். வெட்கப்பட்டார். பிறகு எழுந்து நின்று, கை எப்படி நடுங்கியது, கண் எப்படி இருட்டியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“அன்னிக்கு எப்படி வந்தீங்க?” என்று கேட்டார் சிராப் வாங்கிவந்த ஆன்டி.

அண்ணன் தலை குனிந்தார்.

“சுங்கை வேயிலேருந்து. ஹைவேயில, லோரிய நானே ஓட்டிக்கிட்டு.”