பாஞ்சாலையின் கைச்சாப்பாடு

எங்கள் விடுதியின் பதினைந்தாம் ஆண்டு மலரில் சுவர் எழுப்பிய மேஸ்திரிக்குக்கூட ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள். கிணறு வெட்டப் பணம் அனுப்பிய சபைகள், கட்டில் வாங்கிக் கொடுத்த டாக்டர், மாதம் தவறாமல் அரிசி அனுப்பும் தெற்கத்திப் பெண்கள் சங்கங்கள் என்று எல்லோரும் அதில் இருக்கிறார்கள். பாஞ்சாலை மட்டும் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டேன். “அவங்க நம்ம சபையைச் சேர்ந்தவங்க இல்லையே டீச்சர்” என்றார் மலர் போட்டவர். அவர் விடுதி இருக்கும் மலையில் ஒரு ராத்திரிகூடத் தங்கியவர் இல்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, இன்னும் தணியவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அரிசியிலிருந்து தொடங்குகிறேன். உலை வைக்கும்போதெல்லாம் களைந்து போட வேண்டிய அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, ஊழியத்துக்கென்று தனிப்பானையில் போடுவது திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்களின் வழக்கம். என் அம்மாவும் போடுவாள். வீட்டில் அரிசி குறைவாக இருக்கும் நாளில் கை சின்னதாகும், அவ்வளவுதான். அந்தக் கைப்பிடிகள் சேர்ந்து மூட்டையாகி, ரயிலேறி, லாரியேறி, ஆலங்காயத்துக்கு வந்து, அங்கிருந்து ஜீப்பில் ஜவ்வாது மலை ஏறும். மேலே நெல்லிவலசை என்ற ஊருக்கு வெளியே, மலைவாழ் பெண் பிள்ளைகளுக்காக ஒரு விடுதி. 1974இல் அதைத் திறந்தபோது நான் அங்கே ஆசிரியையாகப் போனேன். விடுதிக்குப் பொறுப்பு ஞானப்பூ அக்கா. அவர் எங்கள் ஊர்ப்பக்கத்து நர்ஸ், கல்யாணம் வேண்டாம் என்று ஊழியத்துக்கு வந்தவர். மலைக்காரர்கள் அவரை நர்சம்மா என்பார்கள்.

அரிசி இருந்தது, கட்டடம் இருந்தது, பிள்ளைகள்தான் இல்லை. காலையில் தாய்மார்கள் பெண்களைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். கரும்பலகையைப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள். கீழேயிருந்து நாங்கள் கூட்டிவந்திருந்த சமையல்காரியின் அடுப்பு புகைய ஆரம்பித்ததும் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நாங்கள் என்னவெல்லாமோ யோசித்தோம். படிப்பென்றால் பயம் என்றோம். ஊஞ்சல் கட்டினோம். பாட்டை மாற்றினோம். என் குரல் கடுமையாக இருக்கிறதென்று ஞானப்பூ அக்கா என்னிடமே பக்குவமாகச் சொன்னார். நான் ஒரு வாரம் குயில் மாதிரி பேசிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. காரணம் மலையில் எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதான். நாங்கள்தான் யாரையும் கேட்கவில்லை.

காலில் புண்ணோடு கட்டுப்போட வந்த பாஞ்சாலைதான் அதை வாய்விட்டுச் சொன்னாள். அப்போது அவளுக்கு நாற்பதை ஒட்டிய வயது. புருஷன் செத்தவள், பிள்ளை இல்லை. நெல்லிவலசையில் அண்ணன் மாதையன் வீட்டில் இருந்துகொண்டு, அவர் கொல்லையில் சாமை விதைத்து, புளி உலுக்கி, ஆடு ஓட்டி வாழ்ந்தாள். கட்டுப் போட்டுக்கொண்டிருந்த அக்காவிடம், “உங்க சமையக்காரி கீழ்நாட்டுக்காரி. அவ கையால எங்க பொண்ணுங்க துன்னா, நாளைக்கு எவன் கட்டுவான்? ஊரே தள்ளி வெச்சிடும்” என்றாள்.

மலைச் சட்டம் அது. கீழே இருப்பவர்கள் கையில் மலைக்காரர்கள் சாப்பிடக்கூடாது, அவர்கள் எச்சிலைத் தொடக்கூடாது. சாப்பிட்டவர்களை ஊர் தள்ளி வைத்துவிடும். அப்புறம் நெருப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது, திருவிழாவில் இடம் கிடையாது, செத்தால் தூக்க ஆள் கிடையாது. எனக்கு இதைக் கேட்டதும் எரிச்சலாக வந்தது. எங்கள் ஊர்ச் சர்ச்சிலேயே யார் எந்தப் பெஞ்சில் உட்காருவது என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது.

அக்கா எரிச்சல்படவில்லை. “அப்ப நீயே வந்து சமைச்சுப் போடேன்” என்றார். பாஞ்சாலை வந்தாள். புதுப் பானை, புது அடுப்பு, களி கிண்டப் புதுக் கோல். அந்த அடுப்படிக்குள் நானும் போகக்கூடாது, அக்காவும் போகக்கூடாது. சமையல்காரியைக் கீழே அனுப்பிவிட்டு, எங்களுக்குப் பழைய அடுப்பில் நாங்களே பொங்கிக்கொண்டோம். எந்தக் கிறிஸ்தவப் பெண்கள் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து வைத்தார்களோ அந்த அரிசியில் பாதியை ஆலங்காயத்தில் மாற்றிக் கேழ்வரகும் சாமையும் வாங்கினோம். அடுத்த மழைக்குள் விடுதி நிறைந்துவிட்டது. ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் கோபால்சாமி தன் பேத்தியை அனுப்பினார். மாதையன் தன் மகள் காந்தாவைக் கொண்டுவந்து விட்டார். பதின்மூன்று வயதில் கழுத்தை நீட்டியிருக்க வேண்டிய பெண்கள் வாய்ப்பாடு சொன்னார்கள்.

பாஞ்சாலை சாது என்று நினைத்துவிட வேண்டாம். வாய் நீளம். பாத்திரத்தில் மிச்சம் வைத்த பெண்ணை அவள் பேசும் பேச்சில் அந்தப் பெண் பாத்திரத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். காலை ஜெபத்துக்கு மணி அடித்தால் களிக்கோலை வைத்துவிட்டு வாசலுக்கு வெளியே வந்து நிற்பாள். உள்ளே வர மாட்டாள். முடிந்ததும், “ஆச்சா? உலை கொதிக்கிது” என்பாள். ஆனால் காய்ச்சல் கண்ட பெண்ணின் தலைமாட்டில் விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். அந்தப் பெண்களுக்கு அவள் அத்தை. நான் எத்தனை வருஷம் இருந்தும் டீச்சர்தான்.

1978 ஐப்பசியில் ஞானப்பூ அக்காவுக்கு மலைக்காய்ச்சல் வந்தது. அடைமழையில் பாதை அறுத்துக்கொண்டு போய், ஜீப் ஏற வழியில்லை. திருப்பத்தூருக்குத் தூக்கிப்போக முடியவில்லை. கையிருப்பு மாத்திரையைக் கொடுத்தோம். ஆனால் வெறும் வயிற்றில் மாத்திரை தங்கவில்லை, கஞ்சியைக் கண்டாலே அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கெஞ்சினேன், அதட்டினேன், அழுதேன். அக்காவின் கண் ஒளி குறைந்துகொண்டே வந்தது. அவர் செத்துப்போவார் என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

பாஞ்சாலை கஞ்சித் தட்டோடு உள்ளே வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து அக்காவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். “நான் ஒரு வாய், நீ ஒரு வாய்” என்று, பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். அக்காவுக்கு ஒரு வாய் ஊட்டினாள். அதே கையால் அதே தட்டிலிருந்து தானும் ஒரு வாய் குடித்தாள். அக்கா அவளையே பார்த்தார், அப்புறம் வாயைத் திறந்தார். தட்டு காலியாகும்வரை அப்படியே நடந்தது. மாத்திரை தங்கியது.

நான் நிமிர்ந்தபோது வாசலில் மாதையன் நின்றிருந்தார். மகளுக்கென்று சாமை கொண்டு வந்தவர். தலையில் மூட்டை, உடம்பெல்லாம் மழை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

மழை விட்டு அக்காவைக் கீழே கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் தேறி வர ஏழெட்டு மாதம் ஆகும் என்றார்கள். அக்கா போன பிறகு, தான் பார்த்ததை மாதையன் கவுண்டரிடம் சொல்லிவிட்டார். பின்னால் வேறு வழியில் தெரிந்தால், கூட இருந்து மறைத்தவர் என்று அவர் வீட்டையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். காந்தாவுக்குக் கல்யாண வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோபம் மட்டும் வந்தது.

செய்தி கேட்டு எங்கள் போதகர் மலையேறி வந்தார். நல்ல மனிதர். ஊர் தள்ளினால் தள்ளட்டும், சபை உன்னை ஏற்றுக்கொள்ளும், ஞானஸ்நானம் எடுத்துக்கொள் என்று பாஞ்சாலையிடம் கனிவாகத்தான் சொன்னார்.

“எங்கூருக்கு வேணாம்னு ஆனதுக்கப்புறம் உங்க சாமிகிட்ட வந்தா, அது அவருக்கு இன்னா மரியாதைங்க? வர்றதா இருந்தா நல்லா இருக்கச்சே வந்திருக்கணும்” என்றாள்.

போதகர் தேநீர் குடித்துவிட்டு இறங்கிப் போனார். அவருக்கு வருத்தம். எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், அன்றைக்குத்தான் கடவுள் பக்தி என்றால் என்ன என்று கொஞ்சம் விளங்கியது.

மறுநாள் காலை ஊர்க்கூட்டம். மாரியம்மன் கோயில் முன்னால் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் தள்ளி நின்றார்கள். நான் இன்னும் தள்ளி, எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம். கோயில் படியில் கற்பூரம் எரிந்தது. கோபால்சாமிக் கவுண்டர் கெட்டவர் இல்லை. கேள்வியையே அவளுக்கு வசதியாகக் கேட்டார்.

“நர்சம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினே, சரி. நீ குடிக்கல. அப்டித்தானே?”

இல்லை என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்திருந்தால் முடிந்தது. ஊரில் அதைப் பார்த்தவர் அண்ணன் ஒருவர்தான், அவரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். நான் எல்லைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசுக்குள் கத்தினேன்.

“குடிச்சேன் மாமா” என்றாள் பாஞ்சாலை. “நான் குடிக்கலன்னா அது குடிச்சிருக்காது. செத்துப் போயிருக்கும்.”

கூட்டம் சலசலத்தது. கவுண்டர் கையமர்த்தினார். பிறகு சட்டப்படி ஒரு வழி சொன்னார். தங்கத்தைக் காய்ச்சி நாக்கில் சுட்டு, ஊருக்குச் சோறு போட்டால் அவளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அப்புறம் விடுதிப் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது.

அவள் சரியென்றால் அன்று மத்தியானமே அடுப்பு அணையும், மாலைக்குள் பெண்கள் எல்லோரும் வீடு போய்விடுவார்கள். தென்கோடியிலிருந்து எத்தனை மூட்டை அரிசி வந்தாலும் அவர்களைத் திரும்பக் கூட்டிவர முடியாது. அவளிடம், சரியென்று சொல்லாதே என்று கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஊரை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

“போவலேன்னே வெச்சிக்கோங்க” என்றாள் அவள். “எனக்குப் பதிலா யார் வூட்டுப் பொம்பளைய அனுப்புவீங்க?”

ஆண்கள் தங்கள் வீட்டுப் பெண்கள் பக்கம் திரும்பினார்கள், ஒருத்தியும் முன்னால் வரவில்லை. கீழ்நாட்டுக்காரர்களோடு புழங்கினால் இவள் கதிதான் என்று பெண்கள் நேரிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப நான் போவேன்” என்றாள்.

கவுண்டர் அவளைத் தள்ளி வைத்ததாகச் சொன்னார். அப்போது கூட்டத்தில் ஒரு கிழவர், நர்சம்மா எச்சில் அவள் மேல் பட்ட பிறகு இத்தனை நாள் அவள் கையால் சாப்பிட்ட பிள்ளைகளை என்ன செய்வது என்று கேட்டார். மலையில் பாதி வீட்டுப் பெண் விடுதியில் இருந்தாள். கவுண்டர் பேத்தியும் இருந்தாள்.

கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டார். “விடுதி ஊர் எல்லைக்கு அந்தாண்ட கீது. அங்க துன்றத ஊர் கேக்காது. புள்ளைங்க அங்கியே இருக்கட்டும்.”

“யார் கையால துன்னும்?” என்று கேட்டாள் பாஞ்சாலை.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “உன் கையாலதான்.”

“நானும் அங்கதான மாமா குடிச்சேன்?”

“நீ இல்லன்னு சொல்லியிருக்கணும்” என்றார் கவுண்டர். எழுந்து போய்விட்டார்.

அந்தத் தீர்ப்பு பாஞ்சாலை இருந்தவரை மாறவில்லை. ஒன்பது வருஷம். மலை ஊர்களின் பெண் பிள்ளைகளெல்லாம் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தார்கள், அவள் மட்டும் எந்த ஊருக்குள்ளும் கால் வைக்கவில்லை. திருவிழா மேளம் கேட்டால் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வாள். இப்படி ஒரு நியாயத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. இன்று நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். ஆனால் கவுண்டர் வேறென்ன செய்திருக்க முடியும்?

கூட்டம் முடிந்த அன்று அவள் நேராக வந்து கை கால் கழுவிவிட்டு உலை வைத்தாள். அழவில்லை. கேழ்வரகு மாவை வழக்கத்தைவிட ஓங்கி ஓங்கிக் கிண்டினாள். பெண்கள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்தார்கள். அவள் உருண்டை பிடித்துப் போட்டுக்கொண்டே வந்தபோது மாதையன் வாசலில் வந்து நின்றார். மகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் நகரவில்லை. மேட்டில் ஏறி வந்த மனிதருக்கு மூச்சு வாங்கியது. ஒரு செம்புத் தண்ணீர் எடுத்து நீட்ட பாஞ்சாலைக்குக் கை எழுந்தது, பாதியில் இறங்கிவிட்டது. இனி அவள் கொடுக்கவும் கூடாது, அவர் வாங்கவும் கூடாது, அவளோடு பேசவும் கூடாது. அவள் திரும்பிக்கொண்டு காந்தாவின் தட்டில் களியைப் போட்டாள். காந்தா அப்பாவையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, சாப்பிடலாமா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

மாதையன் தொண்டையைச் செருமிக்கொண்டு மகளைப் பார்த்துத்தான் பேசினார். “துன்னு, காந்தா. பத்தலன்னா அத்தைய இன்னும் கேட்டு வாங்கித் துன்னு.”