கொட்டிவாக்கம்: நாற்பது அடிக்குக் கீழே

காலை ஐந்து நாற்பது, மந்தைவெளி. எழுபத்து மூன்று வயதில் தண்ணி லாரியில் ஏறுவது லேசில்லை. டிரைவர் சேகர் மேலேயிருந்து என் கையைப் பிடித்து இழுத்தான். நான் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடிக்கும்வரை வண்டியைக் கிளப்பவில்லை.

"இன்னாத்துக்கு நைனா உனுக்கு இந்த வேலை? பேப்பர் படிச்சிக்கினு ஊட்ல குந்தக் கூடாது?"

"எனுக்கு எங்கடா படிக்கத் தெரியும்? வண்டிய எடு."

எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். இதையும் நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள்.

எங்கள் காம்பவுண்டில் பதினொரு வீடு. போர் தண்ணி உப்பாகி நாலு வருடம் ஆகிறது. குழாயில் தண்ணி வருகிற நாளை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. ஆறு மாதமாக நாங்கள் குடிப்பது சேகர் கொண்டு வருகிற தண்ணியைத்தான். கொட்டிவாக்கத்தில் கடலுக்குப் பக்கமாக ஒரு தென்னந்தோப்பு மிச்சமிருக்கிறது. அங்கே இருபத்தைந்து அடி உறைக்கிணறு, அதில் தித்திப்பான தண்ணி. முந்தாநாள் சேகர் பேச்சுவாக்கில், "அந்தக் கிணத்தாண்ட போர் போடறாங்க நைனா, இனிமே தண்ணிக்குப் பஞ்சமே இல்ல" என்றான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது வருடம் போர் வண்டியில் வேலை செய்தவன் நான். அந்தக் கரையில் நாற்பது அடிக்குச் சற்றுக் கீழே ஒரு களிமண் படுகை இருக்கிறது. அதுவரைக்கும் மணலில் தங்கிய மழைத் தண்ணி, அதற்குக் கீழே உப்பு. களியைத் துளைத்துவிட்டால் உப்பு மேலே ஏறும், கிணறு போச்சு. அதைச் சொல்லி நிறுத்தத்தான் கிளம்பினேன்.

ஆறு மணிக்கு அடையாறு பாலம். கீழே ஓடுவதைத் தண்ணி என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த நாற்றத்தில் எனக்கு எங்கெங்கோ நினைவு போனது. எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் அடிபம்பு இருந்த காலம் உண்டு. ஒரு வறட்சி வரும், ஒரு திட்டம் வரும். ஏரியிலிருந்து குழாய் என்றார்கள். ஆந்திராவிலிருந்து கால்வாய் என்றார்கள். ஒரு முறை ரயிலில் தண்ணி வந்தது, அந்த ரயிலுக்கு மாலை போட்டார்கள். கடல் தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கலாம் என்றும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் எங்கள் தெருமுனையில் மைக் கட்டிப் பேசினார்கள். பேசினவர்கள் ஓட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். குடம் மட்டும் பித்தளையிலிருந்து பிளாஸ்டிக் ஆனது.

எல்.பி. ரோடு, திருவான்மியூர், அப்புறம் ஈ.சி.ஆர். மொத்தம் எட்டு கிலோமீட்டர்தான். ஆறு நாற்பதுக்குத் தோப்பில் இறங்கினோம். தோப்பு என்று பெயர்தான், பதினான்கு மரம். மூன்று பக்கமும் அடுக்குமாடி. நடுவில் கிணறு, கிணற்றிலிருந்து இருபது தப்படியில் போர் வண்டி. நேற்றே தொடங்கிவிட்டார்களாம்.

கிணற்றுக்காரி பெயர் தனம். ஐம்பது வயது இருக்கும். புருஷன் போய்விட்டான், பிள்ளைகள் இல்லை. கிணறுதான் சோறு போடுகிறது. முன்பு ஒரு நாளைக்கு ஆறு லாரி நிறைத்த கிணறு, இப்போது இரண்டுக்கே திணறுகிறது. சேகர் குழாயைக் கிணற்றில் போட்டான். கொஞ்சம் இழுத்து, மோட்டாரை நிறுத்தி, ஊறக் காத்திருந்து, மறுபடி இழுக்க வேண்டும். லாரி நிறைய மத்தியானம் ஆகிவிடும்.

நான் போர் வண்டிப் பக்கம் போனேன். மேஸ்திரி செல்லமுத்து, திருச்செங்கோட்டுப் பக்கம்.

"எத்தினி அடியில நிக்குது?"

"முப்பத்தெட்டுங்கய்யா."

வெளியே கொட்டியிருந்த மண்ணை எடுத்து நாக்கில் வைத்தேன். எங்கள் தொழிலில் அது பழக்கம். மண் தித்தித்தது.

"இத்தோட நிறுத்து தம்பி. ஃபில்டர் குழாய எறக்கு. இதான் தண்ணி."

"நூத்தி இருபதுன்னு பேசித்தானுங்க வந்திருக்கோம். அடிக் கணக்குங்க. முப்பத்தெட்டுல நிறுத்துனா வண்டி வந்த டீசலுக்கே கட்டாதுங்களே."

எனக்குக் கோபம் வரவில்லை. நான் சொல்லாத பதிலா? பாறை பூமியில் தொழில் கற்றவனுக்கு ஒரே பாடம்தான்: ஆழம் போனால் தண்ணி. மணல் பூமிக்கு அந்தப் பாடத்தோடு வந்தால் தப்பு நடக்கும். அந்தத் தப்பை நான் இராமநாதபுரத்துப் பக்கம் செய்தேன். மழையே அபூர்வமான ஊர். ஊருணி என்று ஒரு குளம், குடிக்க மட்டும். கால் வைக்கக் கூடாது, செருப்போடு கரையேறக் கூடாது. அங்கே அரசாங்கத்து டெண்டரில் நூற்றைம்பது அடி போர். ஊர்க்காரர் ஒருவர் வந்து, "தம்பி, நல்ல தண்ணி வந்திருச்சுல்ல, நிறுத்துங்க. கீழ உப்பு" என்றார். நான் சிரித்தேன். சேலத்தில் ஐந்நூறு அடி போட்டவனுக்கு இவர் சொல்வதா? இன்னும் கீழே போனோம். உப்பு வந்தது. நான் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் எறைச்சா தெளிஞ்சிடும்" என்றேன்.

திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். பொத்தானை அழுத்தின பெரிய மனிதருக்கு ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தார்கள். குடித்துவிட்டு, "இளநீர் மாதிரி இருக்கு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். டம்ளரில் இருந்தது ஊருணித் தண்ணி. மொண்டு வந்தவன் நான்தான். போர் வந்துவிட்டது என்று அப்புறம் யாரும் ஊருணியைத் தூர் வாரவில்லை. சில வருடம் கழித்து அந்த வழியாகப் போனேன். ஊருணியில் கருவேலம் முளைத்திருந்தது. பக்கத்துக் கிணறும் உப்பாகிவிட்டதாம். லாரி வந்து குடம் குடமாக விற்றுக்கொண்டிருந்தது. நான் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.

இதையெல்லாம் தனத்திடம் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"சொல்லிட்டியா? இப்ப நான் கேக்கறேன், சொல்லு நைனா. அதோ அந்த அபார்ட்மெண்ட்ல எத்தினி அடி தெரியுமா? முந்நூறு. இந்தாண்ட எரநூறு. அவன்லாம் இழுக்கச் சொல்லோ நீ வந்து இன்னான்னு கேட்டியா?"

"கேக்கல."

"கேக்க மாட்டே. கேட்டுல வாட்ச்மேன் உள்ள உட மாட்டான். என் தோப்புக்குத்தான் கேட்டே இல்ல." அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். "நான் இருபத்தஞ்சு அடியோட பத்தினியா குந்திகினு இருந்தா, என் கிணறு ஊறுமா? மந்தைவெளிக்காரங்க குடிக்கணும், அதுக்கு நான் தோண்டக் கூடாது. நல்லா கீதே நாயம்!"

சேகர் நடுவில் வந்தான். "அக்கா, பெருசு ஏதோ மனசு கேக்காம சொல்லுது..."

"நீ சும்மா இருடா. நாளைக்கு இங்க தண்ணி இல்லன்னா நீ வேற கிணத்துக்குப் பூடுவே."

அவள் சொன்னதில் பொய் எது? போர் வண்டி உறுமத் தொடங்கியது.

எட்டே காலுக்குக் களி வந்தது. நீலம் பாய்ந்த கறுப்பு, பிசின் மாதிரி. நான் தென்னை மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் வண்டிக்குக் குறுக்கே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. நின்றாலும் நாளைக்கு இன்னொரு வண்டி வரும். பதினொரு மணி சுமாருக்கு நூற்றிருபது தொட்டார்கள். குழாய் இறக்கி, காற்று அடித்துக் கழுவினார்கள். பன்னிரண்டே முக்காலுக்குத் தண்ணி பனை உயரத்துக்குச் சீறி எழும்பியது. பக்கத்து மாடிகளிலிருந்து செல்போனில் படம் எடுத்தார்கள். தனம் நனைந்தபடி கையெடுத்துக் கும்பிட்டாள்.

பிறகு என்னைத்தான் கூப்பிட்டாள். "நைனா, நீ வாயில வெச்சிப் பாத்து சொல்லு."

இரண்டு கையிலும் ஏந்தி வாயில் விட்டேன். சுருக்கென்றது.

"உப்பும்மா."

அவளும் அள்ளிக் குடித்தாள். முகம் கோணியது. செல்லமுத்துவைப் பார்த்தாள்.

"ஒண்ணும் பயப்படாதீங்க," என்றான் அவன். "ரெண்டு நாள் எறைச்சா தெளிஞ்சிருமுங்க."

அவன் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னான். நானும் அன்றைக்கு நம்பித்தான் சொன்னேன்.

"தெளியலன்னா?" என்று தனம் என்னைக் கேட்டாள். சேகர்தான், "உடு அக்கா, கக்கூசுக்கு ஊத்த வாங்கறவன் கீறான்" என்றான். அவள் கிணற்றுக் கட்டையில் போய் உட்கார்ந்தாள். நாங்கள் கிளம்பும்போது தலை நிமிரவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு மந்தைவெளி. கிணற்றின் நல்ல தண்ணி லாரி நிறைய. குடங்கள் வரிசையாக நின்றன. இன்னும் எத்தனை லாரி இப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கிணறு போகப்போகிறது என்று தெரிந்தவர், என்னையும் சேகரையும் தவிர அந்த வரிசையில் யாரும் இல்லை.

பக்கத்து வீட்டு மாமி ஒரு டம்ளர் பிடித்து அங்கேயே குடித்தாள். "கல்கண்டாட்டம் இருக்கே! எங்கேர்ந்து கொண்டு வரேள்? தெனமும் இதே எடத்துலேர்ந்து கொண்டு வரச் சொல்லுங்கோ."

"சொல்றேன் மாமி."

கொட்டிவாக்கத்துக்கும் எங்கள் தெருவுக்கும் எட்டு கிலோமீட்டர், எங்கள் போர் முந்தி உப்பான அந்த நாலு வருடம். வித்தியாசம் அவ்வளவுதான்.

நாக்கில் இன்னும் உப்பு கரித்தது. ஒரு டம்ளர் பிடித்து வாய் கொப்பளித்தேன். துப்புவதற்குக் குனிந்தேன். மனசு வரவில்லை. விழுங்கிவிட்டேன்.