முதலைக்குழியில் விழுந்த மருமகன்

நேற்றும் தொலைக்காட்சியில் ஒரு கல்லறைப் படம் போட்டார்கள். பிரமிடுக்குள் தீப்பந்தத்தோடு நாலு பேர் ஓடுகிறார்கள், சுவர் நகர்கிறது, தேள் கொட்டுகிறது, தங்கம் கொட்டுகிறது. ஒரு மணி நேரத்தில் ஒன்பது தப்புகள் எண்ணினேன். பத்தாவதை எண்ணுவதற்குள் வீட்டில் யாரோ அலைவரிசையை மாற்றிவிட்டார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. தப்புகள் நிறைந்த அந்தப் படங்களை என்னைப்போல் ரசித்துப் பார்த்தவர்கள் இந்த ஜில்லாவில் அதிகம் பேர் இருக்க முடியாது. ஆனால் எகிப்துப் படம் எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது எகிப்து அல்ல. ஒரு மர முக்காலியும், அதில் உட்கார்ந்திருந்த இன்னொருவனும்தான்.

அப்போது எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. நான் நாகர்கோவிலில் இன்டர்மீடியட் இரண்டாம் ஆண்டு, வரலாறு எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். தங்கியிருந்தது மாமா வீட்டில். மாமா என் அம்மாவின் அண்ணன். பிள்ளை இல்லாதவர். ஊருக்கு வெளியே இராஜாக்கமங்கலம் போகும் சாலையில் ஓலை வேய்ந்த சினிமாக் கொட்டகை ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சிக்கு மட்டும் இங்கிலீஷ் படம். எங்கெங்கோ ஓடித் தேய்ந்த படச்சுருள்கள், பாதியில் அறுந்துபோன சண்டைகள். இருந்தாலும் பாபிலோனும் ரோமும் எகிப்தும் எனக்கு அங்கேதான் நடமாடின. வகுப்பில் வெறும் பெயராக இருந்த ராஜாக்கள் அங்கே வியர்த்தார்கள், கத்தினார்கள், குழியில் விழுந்தார்கள். திரையில் வரும் ரோமாபுரி அரங்கத்தின் தூண் வரிசையை எண்ணிவைத்து, மறுநாள் கல்லூரி நூலகத்தில் படம் பார்த்துச் சரி பார்ப்பேன். பெரும்பாலும் சரியாக இருக்காது. அதுவும் ஒரு சந்தோஷம்தான்.

படம் இங்கிலீஷ் என்பதால் திரைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு ஒருவர் மைக்கில் தமிழில் கதை சொல்லுவார். அந்தக் காலத்தில் அது வழக்கம். எங்கள் கொட்டகையில் சொல்லிக்கொண்டிருந்தவருக்குத் தொண்டை போய்விட்டது. கொட்டகை முதலாளி என்னையும் என் வகுப்புத் தோழன் ஒருவனையும் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் சரித்திரம் படிக்கிய. ஒரே படத்தை ரெண்டு ஞாயிறு ஓட்டுதேன். ஆளுக்கு ஒரு நாள் சொல்லுங்க. சனங்க யாரைக் கேக்காவளோ அவனுக்கு முக்காலி."

அந்த முக்காலியை நான் எவ்வளவு விரும்பினேன் என்று இன்று சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. எகிப்து என்னுடையது என்றே நான் நினைத்திருந்தேன். தோழன் இராஜாக்கமங்கலம் கடற்கரைக்காரன். அவன் அப்பாவுக்கு ஒரு வள்ளமும் வலையும் உண்டு. கோயில் திருநாள் நாடகத்தில் வருடாவருடம் அவன்தான் ராஜா. கடல் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல். வகுப்பில் என்னைவிட ஒவ்வொரு பரீட்சையிலும் குறைந்தது பதினைந்து மார்க் பின்னால் இருப்பான். ஆகவே எனக்குப் பயம் ஒன்றும் இல்லை.

முதல் ஞாயிறு என்னுடையது. நூலகத்தில் ஐந்து புத்தகம் படித்துத் தயார் செய்திருந்தேன். கதை சிக்கலானது அல்ல. எகிப்தின் கிழட்டு ராஜா சாகக் கிடக்கிறார். மகன் போருக்குப் போயிருக்கிறான். ராஜாவின் தங்கை மகன், கறுப்புத் தாடிக்காரன், மாமனின் தலைமாட்டிலிருந்து கருவூலச் சாவியை எடுத்துக்கொண்டு பட்டத்துக்கு வந்துவிடுகிறான். மகன் திரும்பி வருகிறான். கல்லறைச் சுரங்கத்தில் இருவருக்கும் சண்டை. தாடிக்காரன் முதலைக்குழியில் விழ, மகன் முடி சூடுகிறான்.

நான் மைக்கைப் பிடித்து முதலில் வம்சங்களைச் சொன்னேன். பிறகு திரையில் குதிரைகள் வந்தன. "இந்தப் பிரமிடு கட்டிய காலத்தில் எகிப்தில் குதிரையே கிடையாது" என்றேன்.

மணல் தரையிலிருந்து ஒரு குரல், "அப்போ நாங்க பாக்கது என்னது, கழுதையா?"

கொட்டகை சிரித்தது. நான் விடாமல் கிரீடங்களுக்குப் போனேன். வெள்ளைக் கிரீடம் தென்னாட்டுக்கு, சிவப்புக் கிரீடம் வடநாட்டுக்கு. படமோ கறுப்பு வெள்ளை. "செவப்பு எங்க வோய்? கறுப்பால்லா இருக்கு!" என்றது இன்னொரு குரல். அந்த நேரத்தில்தான் பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த என் மாமா எழுந்து நின்றார்.

"மக்கா, அந்தத் தாடிக்காரப் பய ராஜாவுக்கு யாரு?"

"தங்கச்சி மகன்."

"அப்போ பட்டம் அவனுக்குத்தானே? சாவியை எடுத்தா அதுல என்ன தப்பு?"

அத்தனை பேர் முன்னால் சொந்த மாமா கேள்வி கேட்கிறார் என்றதும் எனக்குக் கூச்சமாகப் போயிற்று. "மாமா, அதெல்லாம் வேற விஷயம். படத்தைப் பாருங்க" என்றேன். மாமா உட்கார்ந்துவிட்டார். என் தோழன் மணலில் முன் வரிசையில் இருந்தான். அவன் திரையைப் பார்க்கவில்லை, மாமாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை நான் கவனித்தேன். ஆனால் அதன் அர்த்தம் எனக்கு விளங்கவில்லை.

மாமா ஏன் அப்படிக் கேட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். நாஞ்சில் நாட்டில் எங்களைப் போன்ற வேளாண் குடும்பங்களில், தகப்பன் சொத்து மகனுக்குப் போகாத காலம் ஒன்று இருந்தது. குடும்பத்தை ஆளும் காரணவருக்குப் பிறகு எல்லாம் அவருடைய சகோதரியின் மகனுக்கு. சட்டம் மாறி ஒரு தலைமுறை ஆகியிருந்தது. மனம் மாறவில்லை, வழக்குகளும் தீரவில்லை. மாமா அப்படி ஒரு மருமகன். காரணவர் வயலில் இருபது வயது முதல் உழைத்தவர். சட்டம் மாறியதும் காரணவரின் மக்கள் பங்கு கேட்டு வந்தார்கள். மாமா ஏழு வருஷம் கோர்ட்டுக்கு நடந்து, தோற்று, பாதி வயலை இழந்தவர். கொட்டகையில் இருந்த கிழவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஏதாவது ஒரு கதை இருந்தது. சிலர் மருமகன் கட்சி, சிலர் மகன் கட்சி.

இரண்டாம் ஞாயிறு தோழன் முக்காலியில் ஏறினான். ஏறினான் என்றுதான் சொல்ல வேண்டும். உட்காரவில்லை, அதன்மேல் நின்றான். மைக்கை ஒரு அடி தள்ளிப் பிடித்தான்.

"கேட்டுக்கிடுங்க! கட்டில்ல கெடக்கவரு காரணவர். ராஜாண்ணு சொன்னாலும் ஒண்ணுதான். இந்தா தாடி வச்சுட்டு நிக்கானே, இவன் அவருக்க ஒடப்பெறந்தாளுக்க மவன். மருமவனாக்கும்! அங்க குதிரையில வாறவன் சொந்த மவன். இனி நீங்க சொல்லுங்க, பொன்னு வச்ச அறைச்சாவி யாருக்க கையில இருக்கணும்?"

"மருமவனுக்க கையில!" என்று பெஞ்சுப் பக்கமிருந்து ஒரு கூச்சல்.

"போவே! பெத்த மவன் தெருவுலயா நிப்பான்?" என்றது மணல்.

அதற்குப் பிறகு யாரும் படம் பார்க்கவில்லை, வழக்கு நடத்தினார்கள். தாடிக்காரன் வாளை உருவியபோது பாதிக் கொட்டகை விசிலடித்தது. எந்த நாட்டிலும் அந்தப் படத்தின் வில்லனுக்கு அப்படி ஒரு கைதட்டல் கிடைத்திருக்காது. மகன் பக்கம் சில பெண்கள் பேசினார்கள். ஒரு பாட்டி, "மருமவனுக்குக் குடுத்தா காரணவருக்க பெண்டாட்டி பிள்ளைக்கு என்ன மிச்சம்?" என்று கேட்டு மருமகன் கட்சியை அடக்கினாள். இவன் எல்லாருக்கும் பதில் சொன்னான். வகுப்பில் ஒரு வம்சத்தின் பெயர் சொல்லத் தெரியாதவன். தப்புகளை எண்ணினேன். இருபத்திமூன்று வரை வந்து, நானும் சிரித்துவிட்டதால் கணக்கு விட்டுப்போயிற்று.

தாடிக்காரன் முதலைக்குழியில் விழுந்தான். கொட்டகை அடங்கியது. மாமாவின் குரல் மட்டும் கேட்டது.

"போச்சு. அங்கயும் போச்சு."

படத்தில் மகனுக்கு முடி சூட்டிக்கொண்டிருந்தார்கள். முக்காலியில் நின்றவன் ஒரு நொடி யோசித்தான். அந்த நொடியைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. பிறகு மைக்கில் சொன்னான்:

"யாரும் எந்திரிக்காதீங்க! முதலை அவனைத் தின்னல்ல. குழிக்கு அடியில ஒரு மடை இருக்கு. மடை வழியா நைல் ஆத்துல போயி, கரையேறி, நாளைக்குக் காலத்த பத்து மணிக்கு நாகர்கோயில் கோர்ட்டுல நம்ம மருமவன் வக்கீலைப் பாக்கான்!"

ஓலைக்கூரை பறந்துவிடும்போல் இருந்தது. மகன் கட்சியும் மருமகன் கட்சியும் சேர்ந்து சிரித்தார்கள். மாமா கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "கொள்ளாம் மக்கா, கொள்ளாம்!" என்று மெச்சிக் கத்தினார். அந்த வீட்டில் நான் ஒன்றரை வருஷமாக இருந்தேன். மாமா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னை அவர் மக்கா என்று கூப்பிடுவதும் அந்தக் குரலில் அல்ல.

வீட்டுக்கு வந்ததும் மாமா சோறு பரிமாறிய மாமியிடம் கதை முழுக்கச் சொன்னார், மடை உட்பட.

"பழைய சட்டம் இருந்தா வயலெல்லாம் இந்தா இவனுக்கு" என்று என்னைக் காட்டினார். "இப்போ யாருக்கு வேணும்னாலும் எழுதலாம்லா? அந்தக் கடப்பொறத்துப் பயலுக்கு எழுதினா என்ன?"

"எழுதுங்களேன்" என்றாள் மாமி. "வந்து மீனாவது கொண்டு தருவான். இவன் தந்தது என்ன, கிரீடக் கதையா?"

இருவரும் சிரித்தார்கள். வேடிக்கைப் பேச்சுதான். நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

என்னை எரித்தது வேறொன்று. நான் படித்த ஐந்து புத்தகங்களில் ஒன்றில், பழைய எகிப்தில் ராஜ்ஜியம் பெண் வழியே போயிற்று என்று ஆராய்ச்சிக்காரர்கள் கருதுவதாக ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. அதை இரண்டு முறை வாசித்திருக்கிறேன். எந்த வீட்டில் சாப்பிட்டேனோ அந்த வீட்டுக் கதை அது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாமா எழுந்து நின்று கேட்டபோதுகூடத் தோன்றவில்லை. கையில் பதிலை வைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள் என்றேன். அவனுக்குப் புத்தகமும் தெரியாது, பக்கமும் தெரியாது. அவர்கள் வீட்டில் வள்ளம் அப்பனிடமிருந்து மகனுக்குத்தான் வரும். எங்கள் வழக்கை எங்கள் முன்னால் வைத்து, எங்கள் ஆட்களை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இப்போது அந்த ஆராய்ச்சியை யாரும் ஒப்புக்கொள்வதில்லை என்று கேள்வி. எனக்கு அதில் கொஞ்சம் ஆறுதல்.

முக்காலி அவனுக்குப் போயிற்று. அடுத்த படம் ரோமாபுரி. அந்த வாரம் கல்லூரி வாசலில் அவன் என்னைப் பிடித்துக்கொண்டான். அவனிடம் கர்வம் ஏதும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"லே, ரோமாபுரியில ராஜா செத்தா அடுத்தது யாரு? மவனா, மருமவனா? சொல்லு மக்கா, நீ படிச்சவன்லா."

"முக்காலி உனக்கல்லவா? உனக்குத் தெரியாதா?" என்றேன்.

"சவம், நமக்கு என்ன தெரியும்? அன்னைக்குச் சும்ம அடிச்சு விட்டதாக்கும். நீ பக்கத்துல வந்து இரி. காதுல சொல்லு, நான் ஒறக்கச் சொல்லுதேன். ரெண்டு பேரும் சேந்து பண்ணலாம்."

காதில் சொல்வதா! வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு மாலை மணலில், நாலாவது வரிசையில் உட்கார்ந்தேன். படத்தில் கிழ ராஜாவுக்கு மகன் இல்லை. அடுத்து யார் என்று கொட்டகை கேட்டது. இனி எல்லாப் படத்திலும் அவர்கள் அதைத்தான் கேட்பார்கள்போல் இருந்தது.

"ரோமாபுரியில யாருக்க வாள் பெரிசோ அவனுக்காக்கும்!" என்றான்.

விசில் பறந்தது. அது முழுத் தப்பும் அல்ல என்பது இன்னும் எரிச்சல். ஆனால் சரியான பதில் என்னிடம் இருந்தது. இந்த முறை அதன் அர்த்தத்தோடு இருந்தது. ரோமில் பிள்ளை இல்லாத ராஜா தனக்குப் பிடித்த ஒருவனைத் தத்து எடுப்பான். ரத்தம் பார்க்க மாட்டான், ஆளைப் பார்ப்பான். அப்படி வந்தவர்கள் சிலர் நல்ல ராஜாக்களாகவும் இருந்தார்கள். எங்கள் தெருவிலேயே தத்து வழக்கு மூன்று நடந்துகொண்டிருந்தது. நாலு வாக்கியம் போதும், கொட்டகை என் கையில். மனதுக்குள் சொல்லியும் பார்த்தேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை உயர்த்த வேண்டும் என்பதுகூடத் தெரிந்தது.

திரும்பினேன், பின்னால் பெஞ்சில் மாமாவின் முகம் தெரிந்தது. அவர் முக்காலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பிள்ளை இல்லாதவர். அந்த நாலு வாக்கியத்தையும் மைக்கில் நான் சொல்லியிருந்தால், அவர் திரையை விட்டு என்னைத் திரும்பிப் பார்த்திருப்பார். ஆனால் மைக் அவனிடம் இருந்தது, அவன் காதில் சொல்லியிருந்தால் அவனைத்தான் பார்த்திருப்பார். ஆகவே சொல்லவில்லை. அன்று மட்டும் அவன் செய்த தப்புகள் பதினேழு.