மாற்றிச் சாப்பிட்ட வருடம்

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஆசிரியைகளுக்கென்று வைத்த ஓட்டத்தில் நான் பாதி வழியில் நின்றுவிட்டேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. படிக்கிற காலத்தில் நூறு யார் ஓட்டத்தில் என்னை முந்த ஆளில்லை என்று எல்லோரிடமும் பெருமையடித்திருந்தேன். வெயில் தாங்காமல் ஓட்டத்துக்குச் சற்று முன் ஒரு போத்தல் சோடா குடித்து, பேக்கரியில் வாங்கிய இரண்டு சீனிப் பணிசும் தின்றிருந்தேன். விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றபோது மாணவிகள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இவ்வளவு வெட்கமாக இருந்திராது.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கணவருக்குக் கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ஊர்காவற்றுறைக்கு வருவார். பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அறைக்கும் குசினிக்குமாக நடப்பேன். குசினிக்குப் போகிற தடவையெல்லாம் பிஸ்கற் பேணியைத் திறப்பேன், ரின்பால் விட்டுத் தேத்தண்ணி போடுவேன்.

பூமிசாஸ்திரம் படிப்பித்த ஆசிரியை அடுத்த ஒழுங்கையில் இருந்தார். என் வயதுதான். அவருடைய தமையன்மார் கடற்றொழில் செய்தார்கள். காலையில் கடற்கரையில் ஓட வருவீரா என்று கேட்டேன். ஏன் என்று கேட்காமல் வந்தார். சேலையோடு ஓட முடியாதென்று முழங்காலுக்குக் கீழே வருகிற தன் பழைய சட்டை ஒன்றையும் எனக்குத் தந்தார்.

ஒரு கிழமை ஓடியும் விலாக்குத்து நிற்கவில்லை. ஓட முன்னும் பின்னும் என்ன சாப்பிடுகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

“உம்மட காலிலை பிழையில்லை. தேத்தண்ணியும் பணிசும்தான் பிழை. அதுகளை மாத்தும்,” என்றார்.

நான் மாற்றவில்லை, விட்டேன். சீனி, பாண், தேத்தண்ணி, சோறு எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டேன். மெல்ல மெல்லச் செய்கிற பொறுமை என்னிடம் இல்லை. நாலாம் நாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது சோக்கட்டி கையிலிருந்து விழுந்தது. பிறகு நானும் விழுந்தேன்.

கண் விழித்தபோது ஆசிரியர் அறையில் நீள வாங்கில் கிடந்தேன். பக்கத்தில் பூமிசாஸ்திர ஆசிரியை ஒரு போத்தலோடு நின்றார். பழஞ்சோற்றுத் தண்ணீரில் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் கலந்திருந்தன.

“உங்களை விடச் சொன்னனானோ? மாத்தச் சொன்னனான்.” கோபத்தில் ‘நீர்’ போய் ‘நீங்கள்’ வந்திருந்தது. “அண்ணைமார் இதைக் குடிச்சிட்டுத்தான் கடலுக்குப் போறவை. வேர்க்க வேர்க்க ஓடுற ஆளுக்கு உப்பும் வேணும், சோறும் வேணும்.”

அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக மாற்றினேன். சோடாவின் இடத்துக்கு மோர் வந்தது. காலைப் பாணை விட்டுக் குரக்கன் மாப் பிட்டும் அவித்த மீனும் சாப்பிட்டேன். பிஸ்கற் பேணியில் வறுத்த கச்சான் கடலையைப் போட்டு வைத்தேன். சீனிதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தேன். நாளுக்கு நாள் துண்டு சிறுக்கச் சிறுக்க எரிச்சல் வந்தது. வகுப்புப் பிள்ளைகளைக் காரணமில்லாமல் ஏசினேன். ஆனால் விலாக்குத்து போய்விட்டது. எப்போது போனதென்று கவனிக்கவில்லை.

கணவர் வந்தபோது கேக் பெட்டி ஒன்று கொண்டுவந்தார். நான் ஒரு துண்டின் பாதியோடு நிறுத்தியதைப் பார்த்து, “உடம்புக்கு வருத்தமோ?” என்று கேட்டார்.

“இல்லை. காலமை ஓடுறனான்.”

“ஆரோட போட்டி?”

“ஒருத்தரோடையும் இல்லை. சும்மா இருக்க ஏலாமக் கிடக்கு.”

அவர் கேக் பெட்டியை மூடினார். பிறகு, “நான் இங்கை வேலை மாற்றம் கேட்டு எழுதட்டோ?” என்றார். நான் எதிர்பார்க்காத கேள்வி. ஓம் என்று தலையை ஆட்டினேன்.

அடுத்த வருடப் போட்டியில் இரண்டாவதாக வந்தேன். புதிதாக வந்த இளம் ஆசிரியை ஒருத்தி என்னை முந்திவிட்டாள். முடிவுக் கோட்டைத் தாண்டியும் மூச்சு நிதானமாக இருந்தது. அது போதும் என்று அன்று மாலை முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் போட்டி எதுவும் இல்லை. கணவரின் மாற்றக் கடிதத்துக்கும் இன்னும் பதில் வரவில்லை. வழமையான நேரத்துக்கு எழும்பி, வழமையாகத் திரும்புகிற இடத்தில் திரும்பாமல் இறங்குதுறை வரை ஓடினேன். காரைநகருக்குப் படகில் போகக் காத்து நின்ற சனங்கள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பக் கடலைப் பார்த்தார்கள்.