ஊர்க் குளியலும் தொமோயேயின் விருந்தாளிகளும்

தொமோயே எங்கள் எதிர்வீட்டுக்காரி. மரம் வெட்டப்போன இடத்தில் கணவருக்கு முதுகு போனபிறகு, மாடி அறைகளைத் தங்க வருபவர்களுக்கு விட ஆரம்பித்தாள். அகிதா மலைக்குள் எங்கள் ஊர்வரை யார் வரப்போகிறார்கள் என்றுதான் நினைத்தோம். பாலம் கட்ட வந்தவர்கள் தங்கினார்கள், மீன் பிடிக்க வந்தவர்கள் தங்கினார்கள். போட்டதைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

தோக்கியோவிலிருந்து ஹயாமி வந்தபிறகுதான் தலைவலி தொடங்கியது. யாரும் போகாத இடங்களைக் காட்டுகிறேன் என்று சொல்லி ஆட்களைக் கூட்டிவருவது அவன் தொழில். முதல் தடவை வந்தபோதே, கூடத்து டிவியை எங்காவது மறைக்க முடியுமா என்று கேட்டான். துணி போட்டு மூடினாள். அடுத்த தடவை கிமோனோ கட்டிக்கொள்ளச் சொன்னான். கல்யாணத்துக்குப் பிறகு அதைத் தொட்டே இராதவள், கட்டிக்கொண்டு மாடி ஏறும்போது தடுக்கி, தட்டோடு சூப்பைக் கவிழ்த்தாள். ராத்திரிக்குச் சோறும் கறிக்குழம்பும் வைத்தால், அடுப்படிக்கே வந்து நின்றான். இது தோக்கியோவிலும் கிடைக்குமே, இந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைப் போடக்கூடாதா என்று கெஞ்சினான்.

"இந்த ஊர்க்காரங்க இதத்தான் தம்பி சாப்பிடறோம்," என்றாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். குளியல் விஷயத்தில்தான் பொறுமை போயிற்று.

ஆற்றோரத்து மரக்கொட்டகைக்குள் எங்கள் ஊர்ப் பொதுக் குளியல் இருக்கிறது. பூமிக்குள்ளிருந்து வரும் சுடுநீர். வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கழுவுகிறோம். சாயங்காலம் அதில் கழுத்துவரை அமிழ்ந்தால்தான் எங்களுக்கு அன்றைய பாடு முடியும். சூடு கொஞ்சம் அதிகம்தான், பழகாதவர்கள் கால் வைத்ததும் துள்ளுவார்கள். அதற்காகக் குழாயைத் திறந்து பச்சைத்தண்ணீர் கலக்கும் வழக்கம் இங்கே கிடையாது.

ஹயாமியின் ஆட்கள் கலந்தார்கள். கலந்ததோடு குழாயை மூடாமலும் போனார்கள். பிப்ரவரி மாதம். கூரையில் ஏறிப் பனியைத் தள்ளிவிட்டு, உடம்பெல்லாம் விறைத்துப்போய் வந்த கன்பெய் தாத்தா, அந்த வெதுவெதுப்பில் உட்கார்ந்து நடுங்கியிருக்கிறார். அவர் விருந்தாளிகளை ஒன்றும் சொல்லவில்லை. நேரே தொமோயே வாசலில் வந்து நின்றார்.

"தண்ணி இன்னைக்கு நல்லா ஆறியிருந்துச்சும்மா. மீன் கழுவலாம்."

அவள் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். அதற்குப்பின் ஒவ்வொருவராக வந்தார்கள். வடிகாலில் யாரோ முடியை விட்டுப்போனதாக ஒருத்தி, உடை மாற்றும் இடத்தில் படம் எடுத்ததாக இன்னொருத்தி. செய்தவர்களை யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தொமோயேதான் குனிய வேண்டியிருந்தது.

அடுத்த தடவை ஹயாமி ஆட்களோடு வந்தபோது, கொட்டகை வாசலில் பிரஷ்களும் வாளிகளும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"குளிக்கிறவங்கதான் கழுவணும். இங்க அப்படித்தான். முடியாதுன்னா வீட்லயே குழாய் இருக்கு, அங்க குளிச்சுக்கங்க."

ஹயாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. "காசு குடுத்து வந்தவங்கம்மா," என்று அவள் காதோரம் முணுமுணுத்தான்.

"எனக்குத்தான குடுத்தாங்க? குளியலுக்கா குடுத்தாங்க?"

கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள், ஹயாமியும் இனி இந்தப் பக்கம் தலைவைக்க மாட்டான் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். என்னிடம் அப்படித்தான் சொன்னாள். ஆனால் அவர்கள் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார்கள். சிரித்துச் சிரித்துத் தேய்த்தார்கள். வங்கியில் பெரிய வேலை பார்க்கிறவராம் ஒருவர், இவ்வளவு நிம்மதியாக இருந்து எத்தனையோ காலம் ஆயிற்று என்றார்.

வசந்தம் வந்தபோது ஹயாமியின் விளம்பரத்தில் 'ஊர்மக்களோடு குளியல் கழுவும் அனுபவம்' என்று ஒரு வரி ஏறியிருந்தது. அதற்குத் தனிக் கட்டணம். அதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். எங்கள் முறைக் கழுவலை முக்கால்வாசி அவர்களே செய்ததில் ஊருக்குக் கொள்ளை சந்தோஷம். குனிந்து தேய்க்கிற வேலை போனதில் முட்டிவலி குறைந்துவிட்டது என்று கன்பெய் தாத்தா தொமோயேயைப் பார்க்கும்போதெல்லாம் வாழ்த்தினார்.

தொமோயேக்கு மட்டும் எரிச்சல் அடங்கவில்லை. கண்ணில் படுகிற இடத்தை மட்டும் அவர்கள் தேய்த்தார்கள். தொட்டி விளிம்புக்கு அடியில் வழுக்கல் அப்படியே கிடந்தது. அவர்கள் வண்டி ஏறியதும் இவள் தன் பிரஷை எடுத்துக்கொண்டு போய் மறுபடி முழங்காலிட வேண்டியிருந்தது. பார்க்கப் பொறுக்காமல் நானும் கூடப் போவேன்.

"ஒரு வேலைய ஒழிக்கப் பாத்தேன், ரெண்டாக்கிட்டாங்க," என்று தேய்த்துக்கொண்டே பொருமுவாள்.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மறந்துபோன துண்டை எடுக்க ஒரு பெண் திரும்பி வந்தாள். மிசுஹோ என்று பெயர், ஒசாகாக்காரி. தாங்கள் கழுவி முடித்ததை நாங்கள் மறுபடி கழுவுவதைப் பார்த்துத் திகைத்து நின்றாள். இது என்ன சடங்கு என்று மெதுவாகக் கேட்டாள்.

"சடங்கெல்லாம் இல்லம்மா. அழுக்கு."

அவளுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. வெளியே வண்டி ஹாரன் அடித்தது. போய்விடுங்கள், நான் பஸ்ஸில் வருகிறேன் என்று எட்டிச் சொல்லிவிட்டு வந்து, தொமோயே பக்கத்தில் முழங்காலிட்டாள். விளிம்புக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள், வழுக்கல் விரலோடு வந்தது. பிறகு ஒரு பிரஷை எடுத்துத் தேய்த்தாள்.

 தொமோயே, "இன்னும் உள்ள தள்ளித் தேயி," என்று மட்டும் சொன்னாள். அதுவரை விருந்தாளி யாரையும் அவள் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை.